தொந்தியிலிருந்து பன்னிரண்டு முழம்

முன்னொரு காலத்தில், அரசர்கள் எதில் கைவைத்தாலும் பிரமாதம் என்று சொல்ல ஆள் இருந்த நாளில், ஒரு ராஜாவுக்குப் படம் வரையும் ஆசை வந்தது. வெறும் ஆசையோடு நின்றிருந்தால் தேவலை. கொலுமண்டபத்தில் ஒரு கல்தூண் நாட்ட வேண்டும் என்று தாமே சீலையில் வரைந்து, பக்கத்தில் 'பன்னிரண்டு முழம் தள்ளி. மயிரிழை பிசகினால் தச்சனின் கட்டைவிரல் போகும்' என்று எழுதியும் கொடுத்துவிட்டார். எதிலிருந்து பன்னிரண்டு முழம் என்று எழுத மறந்துபோனார். அதைக் கேட்க யாருக்கு நாக்கு எழும்?

கல்தச்சன் மாதையன் யோசித்துப் பார்த்து, அரியணையின் முன்விளிம்பிலிருந்து அளந்து தூணை நாட்டினான். அவனை அந்த வேலைக்கு அழைத்து வந்தவன் அரசவை விகடன் அம்பலத்தாடி. அது ஒன்று போதாதா? அம்பலத்தாடியின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறெரிந்துகொண்டிருந்த அமைச்சர் விழுப்பரையர் கயிறும் கையுமாக வந்து, அரியணைக்குப் பின்னால் இருந்த சுவரிலிருந்து அளந்தார். பதினான்கு முழம் வந்தது.

"தங்கள் திருக்கரம் வரைந்த படத்தையே இந்தத் தச்சன் பொய்யாக்கிவிட்டான், பிரபு" என்றார்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. பொழுது சாய்வதற்குள் விரலை வெட்டும்படி உத்தரவாயிற்று.

மாதையன் வலக்கையை இடக்கையால் பொத்திக்கொண்டு நின்றான். பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவனை நாம்தானே இழுத்து வந்தோம் என்று அம்பலத்தாடி நொந்துகொண்டான். படத்தில் பிழை என்று சொன்னால் விரலோடு தலையும் போகும்.

ஆகவே அவன் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அமைச்சர் அளந்தது சுவரிலிருந்து. இந்த நாட்டில் அளவு சுவரிலிருந்தா தொடங்குகிறது என்று மட்டும் பணிவாகக் கேட்டான்.

ராஜா மார்பை நிமிர்த்தினார். "சுவர் என்ன சுவர். இந்நாட்டில் எல்லாம் எம்மிடமிருந்தே தொடங்கும். எம்மிலிருந்தே அளந்து பார்."

அம்பலத்தாடி எதிர்பார்த்தது அதுதான். ராஜாவுக்கு நல்ல தொந்தி. அவர் அமர்ந்தால் அது அரியணையின் முன்விளிம்பு வரை வந்து நிற்கும். பன்னிரண்டு முழத்தில் முடிச்சிட்ட கயிற்றின் ஒரு நுனியைத் தொந்தியின் உச்சியில் வைத்துப் பிடித்தான். முடிச்சுப் பக்கத்தை அமைச்சரிடமே கொடுத்தான்.

ராஜா மூச்சை இழுத்தார். தொந்தி உப்பி, முடிச்சு தூணைத் தாண்டியது. மூச்சை விட்டார், முடிச்சு தூணை எட்டவில்லை.

"பிரபு, அளவு தொடங்கும் இடம் அசையலாகாது. மயிரிழைக் கணக்கு. சற்றே மூச்சை நிறுத்தியருள வேண்டும்."

ராஜா நிறுத்தினார். அமைச்சர் குனிந்து முடிச்சைப் பார்ப்பதற்குள் ராஜாவுக்குக் கண் பிதுங்கி, மூச்சு புஸ்ஸென்று வெளியேறியது. மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள். மூன்றாம் தடவை ஓர் ஈ வந்து மன்னரின் மூக்கில் உட்கார்ந்து தும்மலை வரவழைத்தது. அம்பலத்தாடி அலுக்கவில்லை.

"உப்பிய தொந்தியா, ஒட்டிய தொந்தியா, எது மன்னரின் மெய்யான அளவு என்று அமைச்சர் பெருமான் அருள வேண்டும். அதை வைத்தே முடித்துவிடுவோம்."

இரண்டில் எதைச் சொன்னாலும் ஆபத்து. விழுப்பரையர் முடிச்சையே இன்னொரு முறை பார்க்கக் குனிந்தார்.

ராஜாவுக்கோ பசி வந்துவிட்டது. "போதும் நிறுத்துங்கள். ஒரு விரற்கடை முன்னே பின்னே இருந்தால் குடியா முழுகிவிடும்?"

"அந்தத் திருவாக்கையும் சீலையில் எழுதியருளினால் போதும், பிரபு" என்று அம்பலத்தாடி கைகூப்பினான்.

ராஜா படத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தம் தொந்தியைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மை கொண்டுவரச் சொல்லி, 'அரியணையின் முன்விளிம்பிலிருந்து' என்றும், 'விரற்கடை பிசகினால் பாதகமில்லை' என்றும் தம் கையாலேயே சேர்த்து எழுதினார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். அமைச்சரைக் கயிற்றைச் சுருட்டி வைக்கச் சொன்னார்.

தூணில் பூவேலை பாக்கி இருந்தது. மாதையன் உளியை எடுத்தான். கண் தன் கட்டைவிரலிலேயே இருந்ததால் முதல் அடி கோணலாகவே விழுந்தது. ராஜா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.