கீரியின் கட்டைக்கால்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு மரங்கொத்தி, கால் இழந்த விலங்குகளுக்குக் கட்டைக்கால் செதுக்கிக் கொடுத்துவந்தது. எதிர் ஈச்சமரத்துத் தூக்கணாங்குருவி, அந்தக் காலைத் தோளோடு சேர்த்துக் கட்ட நார்வார் பின்னிக் கொடுத்தது. பேசினால் தொழில் ரகசியம் போய்விடுமாம். இரண்டுக்கும் பேச்சே கிடையாது.

பொறியில் சிக்கி முன்னங்கால் போன ஒரு கீரி அங்கே வந்தது. ஓடையோர வளையில் அதற்குக் கண் திறக்காத மூன்று குட்டிகள். மழை இறங்கினால் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அதற்குள் குட்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கட்டைக்காலை மாட்டிக்கொண்டு வெறுமனே நடந்தபோது நன்றாகத்தான் இருந்தது. குட்டியைக் கவ்வியதும் கால் கழன்றது.

"வாருதான் தொளதொளன்னு இருக்கு. குருவிகிட்டப் போ" என்றது மரங்கொத்தி.

"கால்தான் வழுவழுன்னு இருக்கு. அவருகிட்டயே போ" என்றது குருவி.

இங்கும் அங்கும் நொண்டி நொண்டிக் கீரி ஓய்ந்துபோனது. மேற்கே வானம் கறுத்தது. கீரி நடுவழியில் அப்படியே உட்கார்ந்து இரண்டையும் கூப்பிட்டது.

"அண்ணே, அக்கா, ஆளுக்கு ஒரு காலை மடக்கிக் கட்டிக்குங்க. வாயில நாவற்பழத்தக் கவ்விக்கிட்டு இந்த மேட்டுல ஏறுங்க. பறக்கக் கூடாது. அப்புறம் யாரு மேல தப்புன்னு சொல்லுங்க."

"முட்டை திருடுறவளுக்கு வாயப் பாரு" என்றது குருவி.

"இந்த வாயில இப்ப என் குட்டி இருக்கணும் அக்கா. அதுக்குத்தான் கேக்கறேன்."

குருவி தன் ஒரு காலை மடக்கியது. நாரால் கட்டிக்கொண்டது; மரங்கொத்தியும் கட்டிக்கொண்டது.

மரங்கொத்தி இரண்டே தத்தலில் குப்புற விழுந்தது. பழம் நசுங்கி அலகெல்லாம் ஊதா. அதைப் பார்த்துச் சிரித்த குருவியும் பக்கத்திலேயே விழுந்தது.

"அண்ணே, வாயில கனம் இருந்தா உடம்பு முன்னால சாயுது" என்றது குருவி, விழுந்த இடத்திலிருந்தே.

"ஆமா. கட்டைக்காலோட மேல்பக்கம் ஒரு பள்ளம் வெட்டினா உன் வாரு நழுவாதில்ல?"

"வெட்டுங்க. நான் முதுகைச் சுத்தி இன்னொரு வாரு கொண்டுபோறேன்."

கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு கீரி மேடேறும்போது முதல் தூறல் விழுந்தது. கட்டைக்கால் கழலாமல் நின்றது. குட்டியை மற்ற இரண்டோடும் சேர்த்து அணைத்துக்கொண்டு, அது நனைந்தபடியே நக்கிக் கொடுத்தது.

அந்த ஈச்சமரத்தடியில் கால் இழந்தவர்களுக்கு உதவ ஒரு சங்கம் தொடங்கியது. காலுக்கு மெழுகுமெத்தை வைக்கும் தேனீ வந்தது. பச்சிலை அரைக்கும் குரங்கு வந்தது. அப்புறம் அண்டைக் காடுகளிலிருந்தும் வந்தார்கள். யார் வந்தாலும் முதல் வேலை, கட்டிய காலோடு பழத்தைக் கவ்வி மேடேறுவது. கீழே சிதறும் பழங்களுக்காகவே கீரிக்குட்டிகள் காத்துக் கிடந்தன.

காயம்பட்டவர்களுக்கு விசிறி செய்யும் மயிலும் ஒருநாள் வந்தது.

"என் தோகை அழுக்காகுமே" என்றது.

"ஆகும். எங்க எல்லாருக்கும் ஆச்சு. காலை நீட்டுங்க, வலிக்காம கட்டிவிடறேன்" என்றது கீரி.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு காலை நீட்டியது.

அடுத்தவர் வலிக்கு உதவ நினைப்பவர்கள் அந்த வலியோடு கொஞ்ச தூரம் தாங்களே நடந்து பார்த்தால், கை வேலையும் சரியாகும், கூட்டமும் தானே பெருகும்.