இருபத்தோராவது ஓட்டு

கடலோரத்தில் சங்குமுனை என்று ஒரு நாடு. வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துபோகும். அதனால் என்ன, நாடு நாடுதானே! அதற்கும் ஒரு பேரவை, பேரவையில் இருபத்தொரு பேர், எல்லாருக்கும் மேலே ஓர் அதிபர்.

அதிபர் பெயர் சிவக்கொழுந்து. அந்தப் பேரைக் கேட்டால் ஒரு காலத்தில் ஜனங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நாட்டுக்காகப் பதினோரு வருஷம் சிறையில் கிடந்தவர். இப்போது அதே பேரைச் சொல்லும் முன்னால் அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள்.

புயல் அடித்த வருஷம், நிவாரண அரிசியைத் தனக்கு ஓட்டுப் போட்ட ஊர்களுக்கு மட்டும் அனுப்பினார். ஏன் என்று கேட்ட நீதிபதியை வேலையை விட்டுத் தூக்கினார். அதை எழுதிய பத்திரிகைக்குப் பூட்டுப் போட்டார். 'எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பேன்' என்று கடல் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் பண்ணிப் பதவிக்கு வந்த மனுஷர்!

பேரவை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. கடைசியில் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. நீக்கணும் என்று பத்துப் பேர். கூடாது என்று பத்துப் பேர். மிச்சம் ஒரே ஓர் ஓட்டு. அது மருதையாவுடையது.

மருதையாவுக்கு அறுபத்திரண்டு வயது. சிவக்கொழுந்தோடு ஒரே சிறை அறையில் இருந்தவர். ஒரு தட்டுக் கஞ்சிதான் வரும், இரண்டு பேருக்கு. "மருதை, முதல்ல நீ குடி" என்று தட்டைத் தள்ளுவார் சிவக்கொழுந்து. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் முதலில் குடித்ததில்லை.

அப்படிப்பட்டவருக்கு எதிராக எப்படிக் கை தூக்குவது? தூக்காமல் இருந்தால் அரிசி கிடைக்காமல் கிடந்த ஊர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருதையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அவர் போன இடம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மடம். மடத்துத் தலைவி தாயாரம்மை. மருதையாவைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் சிறையிலிருந்து வெளியே வந்த நாள் தொட்டு அவருக்கு அவள்தான் குரு.

அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உச்சிப்பொழுதில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, தலைவி வாசலுக்குப் போய், "பசித்தவர் யாரும் உண்டா?" என்று மூன்று தரம் கூவ வேண்டும். பதில் வரவில்லை என்றால்தான் அவள் இலை முன்னால் உட்காரலாம். காய்ச்சலோ, கொட்டுகிற மழையோ, தாயாரம்மை இருபது வருஷமாய் இதைத் தவறவிட்டதில்லை.

"என்ன ஓய், முகம் செத்துக் கிடக்கு?" என்றாள் தாயாரம்மை.

மருதையா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அவர் செஞ்சதெல்லாம் ஒரு அதிபரைப் பதவியிலிருந்து இறக்குற அளவுக்குப் பெரிய குத்தமா அம்மா?"

"மூணு நாள் இரும். பார்ப்போம்."

முதல் நாள் மத்தியானம். பந்தி ஆரம்பிக்கும் முன்னாலேயே தாயாரம்மை தன் இலையைப் போடச் சொன்னாள். வாசலுக்குப் போகவில்லை. கூவவில்லை. எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

மருதையாவுக்குத் திக்கென்றது. 'முழங்கால் வலியா இருக்கும், பாவம்' என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் அதே கதை. சமையல்காரி ஆவுடை பொறுக்க மாட்டாமல் கரண்டியோடு வந்து நின்றாள்.

"அம்மா, வாசல்ல இன்னும் கூப்பிடலையே."

"எனக்கே சொல்லித் தர்றியா? கரண்டியை வச்சிட்டு வெளியே போ."

ஆவுடை கரண்டியை வைத்தாள். தாயாரம்மையின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

மருதையா அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும், 'நாலு பேர் முன்னால இப்படியா கேக்கிறது? அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளந்தான்' என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மனசும் தேறிக்கொண்டது. மனசுக்கென்ன, சொன்னதைக் கேட்கிற ஜென்மம்!

மூன்றாம் நாள் வாசல் கதவையே அடைக்கச் சொல்லிவிட்டாள். தாயாரம்மை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தார் மருதையா. உப்பளத்து ஆள் ஒருவன். காலெல்லாம் உப்பு பூத்து, வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா... ஒரு கவளம் கிடைக்குமா?"

மருதையாவின் கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. திரும்பி அம்மையைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. கை இறங்கிவிட்டது. வெளியே நின்றவன் இன்னும் இரண்டு தரம் தட்டிவிட்டுப் போனான்.

தாயாரம்மை கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"கதவு தட்டினது கேட்டுதா?"

"கேட்டுது."

"கை தாழ்ப்பாள் வரைக்கும் போச்சே, ஏன் திரும்பிச்சு?"

"உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு..."

"என்ன காரணம்?"

"முதல் நாள் முழங்கால் வலின்னு நினைச்சேன். நேத்து, ஆவுடை பேசினது சரியில்லைன்னு நினைச்சேன். இன்னைக்கு..."

இதே பேச்சை மருதையா வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறார். பேரவையில், தன் வாயாலேயே. 'சிறையில பட்ட பாட்டுக்கு உடம்பு போச்சு. சுத்தி இருக்கிறவங்க சரியில்லை. இன்னும் ஒரு வருஷந்தானே.' மூன்று வருஷமாய் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்!

தாயாரம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உமக்குக் காட்டத்தான் ஆரம்பிச்சேன். முதல் நாள் சோறு தொண்டையில இறங்கலை ஓய். நேத்து இறங்கிச்சு. இன்னைக்கு ருசியா இருந்தது."

"அம்மா!"

"கதவு தட்டுற சத்தம் கேட்டப்ப எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூணே நாள்ல! உம்ம சிவக்கொழுந்து பாவம், எத்தனை வருஷமா கதவை அடைச்சிட்டுத் தனியா சாப்பிடுறார்."

மருதையாவின் கண் தாழ்ப்பாளுக்குப் போனது.

"எழுந்திரும்" என்றாள். "ஆவுடையைக் கூட்டி வரணும். அந்த ஆளையும் தேடணும்."

இருவரும் வெயிலில் நடந்தார்கள். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனைப் புளியமரத்தடியில் ஆவுடை இரவல் பானையோடு உட்கார்ந்திருந்தாள். உப்பளத்து ஆள் எதிரே அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மடத்து வாசலிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் நேற்றிலிருந்து அவள்தான் சோறு போட்டிருக்கிறாள்.

தாயாரம்மை அந்த ஆள் முன்னால் போய்க் கை கூப்பினாள். அவன் வாயில் சோற்றோடு திருதிருவென்று விழித்தான். பிறகு ஆவுடையிடம் வந்தாள்.

"ஆவுடை, தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்" என்றாள் ஆவுடை. "நாளைக்கும் இப்படின்னா, வந்து உங்க கையைப் பிடிச்சு இலைக்கு முன்னாலேர்ந்து எழுப்புறதாத்தான் இருந்தேன்."

"எழுப்பியிருப்பியா?"

"பின்னே? உங்களை நான் யாருக்கு விட்டுக்கொடுக்கிறது?"

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள். இரண்டு நாளாய் அழுத கண்.

திரும்பி வரும்போது மருதையா ரொம்பப் பின்தங்கி நடந்தார். மடத்து வாசலுக்கு வந்ததும் உள்ளே போகாமல் நின்றுவிட்டார். தாயாரம்மை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கே ஊருக்குக் கிளம்புறேன்மா. எந்தப் பக்கம் கை தூக்கணும்னு தெரிஞ்சுபோச்சு."

"சரி."

"ஆனா மனசு ஆறலையே. எனக்கு அந்தப் பழைய சிவக்கொழுந்து வேணும்மா. தட்டைத் தள்ளுவாரே, அந்த மனுஷர். மாளிகைக்குப் போகும்போதெல்லாம் இன்னைக்காவது ஒரு தரம் 'மருதை'ன்னு கூப்பிட மாட்டாரான்னு ஏங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். 'உறுப்பினர் அவர்களே'ம்பார்."

தாயாரம்மை திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"நான் கை தூக்கினா அதுவும் போச்சு. இனிமே என் முகத்துலகூட முழிக்க மாட்டார். நாப்பது வருஷச் சிநேகம்மா!" அறுபத்திரண்டு வயது மனுஷர், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். "நாட்டுக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சுடறேன். அவர் மேல எனக்கு இருக்கிற இந்தப் பிரியத்தை என்ன பண்றது? அதைச் சொல்லுங்க."

தாயாரம்மை அவர் அழுது ஓயும்வரை காத்திருந்தாள்.

"கையோட கொண்டு போம்" என்றாள். "பதவி இறங்கி, கார் இல்லாம, காவல் இல்லாம, ஒரு மனுஷன் அந்த மாளிகையை விட்டு வெளியே வருவார். அன்னைக்கு வாசல்ல ஒருத்தராவது நிக்கணுமில்லையா?"