ஆதன் இலையைப் பார்த்த கொற்றன்

குதிரைகூட ஏற முடியாத செங்குத்தான மலை ஒன்று இருந்ததாம். அதன் உச்சியில் ஓர் அரசன் கோட்டை கட்டி ஆண்டானாம். அவனைப் பற்றிய கதையில்லை இது. அவனுடைய செய்திகளைச் சுமந்து ஓடிய இருவரின் கதை. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் கேளுங்கள், சாப்பிடாமல் வந்தவர்களும் கேளுங்கள்.

குதிரை ஏறாத மலையில் மனிதன்தானே ஓட வேண்டும்? அப்படி ஓடுகிறவர்களில் முதல்வன் கொற்றன். நல்ல உயரம், அகன்ற தோள், தூண் போன்ற கால்கள். அவன் அடிவாரத்திலிருந்து ஓடி வந்து நிற்கும்போதெல்லாம் அரசன், “காற்றாக வந்தாயே!” என்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே கொற்றன் ஓடினான் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு கோடையில் ஆதன் என்ற புதியவன் வேலைக்கு வந்தான். உப்பளப் பக்கத்து ஆள். குள்ளம், ஒல்லி. முதல் நாளே கொற்றனைத் தாண்டிப் போய்விட்டான். கொற்றன் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது, அரசன் ஆதனின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான்.

“காற்றாக வந்தாயே!”

அன்று கொற்றனுக்குச் சோறு கசந்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை. தூங்கினால் கனவிலும் ஆதன் முன்னே ஓடினான்.

‘ஏதோ ரகசியம் வைத்திருக்கிறான்’ என்று நினைத்தான் கொற்றன். ஆதன் என்ன சாப்பிடுகிறான் என்று மறைந்திருந்து பார்த்தான். ஒரு கிண்ணம் சாமைக் கஞ்சி, ஒரு பிடி வேகவைத்த கொள்ளு. அவ்வளவுதான்.

“இனி எனக்கும் அதுவே போதும்” என்றான் மனைவி நச்செள்ளையிடம்.

அவள் திகைத்துப் போனாள். “அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. நம் சின்ன மகளே இதைவிட அதிகம் சாப்பிடுவாளே!”

அவன் கேட்கவில்லை. சில நாட்களிலேயே கால்கள் நடுங்கின, கண் இருட்டியது. ஒரு நாள் பாதி மலையில் மயங்கி விழுந்தான். சுள்ளி பொறுக்க வந்தவர்கள் அவனைத் தூக்கி வந்தார்கள்.

அடுத்து, ஆதன் எப்படி ஓட்டப் பயிற்சி செய்கிறான் என்று பார்த்தான். விடியலில் ஒரு முறை மலையேறி இறங்குவான். பிறகு மர நிழலில் கால் நீட்டிப் படுத்துவிடுவான். ‘இவன் ஒரு முறை ஏறினால் நான் மூன்று முறை ஏறுவேன்’ என்று கிளம்பினான் கொற்றன். காலையில் ஏறினான், உச்சி வெயிலில் ஏறினான், மாலையில் ஏறினான். முழங்கால் பலாக்காய் போல வீங்கியது.

தன்னை உயர்த்த முடியாதவனுக்கு அப்போதுதான் வேறொரு யோசனை தோன்றியது. ஆதனைத் தாழ்த்தினால் என்ன? வயிறு பெருத்தால் வேகம் குறையும் அல்லவா?

“தம்பி, தனி ஆளாகச் சமைத்துச் சாப்பிடுகிறாயே! இனி என் வீட்டுக்கு வா” என்று சிரித்துக்கொண்டே அழைத்தான்.

ஆதன் மகிழ்ந்து போனான். கொற்றன் வீட்டில் தினமும் விருந்து. நெய் மிதக்கும் சோறு, சுட்ட மான் இறைச்சி, தேனில் ஊறிய பலாச்சுளை. ஆதன் ஆசையாகத்தான் சாப்பிட்டான். ஆனால் பசி அடங்கியதும் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொள்வான்.

“போதும் அண்ணா.”

“என்ன போதும்? இதோ பார், நான் சாப்பிடவில்லையா?” என்று கொற்றன் ஒரு கவளம் உண்டு காட்டுவான். ஆதன் சிரிப்பான். இன்னொரு கவளம் உண்டு காட்டுவான். ஆதன் கை கழுவப் போய்விடுவான். மிச்சமெல்லாம் கொற்றன் வயிற்றுக்குள் போகும்.

“கண் அவர் இலையில் இருக்கிறது, கை உங்கள் இலையில் இருக்கிறது” என்றாள் நச்செள்ளை. “உங்களுக்கு வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்?”

கொற்றனுக்குக் கோபம் வந்தது. இடைக்கச்சை எட்டாமல் போனபோது, துணி சுருங்கிவிட்டது என்று அவளையே திட்டினான்.

மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த மழையில் மலைமேல் இருந்த ஏரி நிரம்பி, கரை கசியத் தொடங்கியது. கீழே பள்ளத்தில் குயவர்களின் ஊர். கரை உடைந்தால் ஒரு குடிசைகூட மிஞ்சாது.

அரசன் ஊதுகொம்பை எடுத்தான். இந்தக் கொம்பொலி கேட்டால்தான் ஊரார் வீட்டை விட்டு மேட்டுக்கு ஓடுவார்கள். கோட்டையிலிருந்து ஊதினால் பள்ளத்துக்குக் கேட்காது. ஆதன் கை நீட்டினான். கொற்றன் அவனை ஒதுக்கிக்கொண்டு முன்னே வந்தான்.

“அரசே, மூத்தவன் நான் இருக்கிறேன்!”

அரசன் கொம்பை அவனிடமே கொடுத்தான். முன்னவன் தடுமாறினால் வாங்கிக்கொள்ள ஒருவன் பின்னால் போவது வழக்கம். ஆனால் முன்னவன் தானே கொடுத்தால்தான் வாங்கலாம். ஆதன் பின்னால் ஓடினான்.

பாதி வழியில் ஒரு மேடு. அதில் ஏறும்போதே கொற்றனுக்கு நெஞ்சு அடைத்தது. முழங்காலில் ஈட்டி பாய்ந்தது போல வலித்தது. உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே ஊதிவிடலாம் என்று கொம்பை வாயில் வைத்தான். வெறும் காற்றுதான் வந்தது.

ஆதன் பக்கத்தில் வந்து நின்றான். வழக்கப்படி அவனாகக் கொம்பைக் கேட்கவில்லை.

‘கொஞ்சம் மூச்சு வாங்கினால் ஓடிவிடலாம்’ என்று நினைத்தான் கொற்றன். ‘கொடுத்தால் ஊரெல்லாம் இவன் பெயரைத்தான் சொல்லும்’ என்று நினைத்தான். அப்போது கீழே பார்வை போனது. குடிசைகளின் கூரைவழியே அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. யாரோ சோறு பொங்குகிறார்கள். யாரோ பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கிறார்கள்.

கொம்பை நீட்டினான். “ஓடு தம்பி. என்னால் முடியவில்லை.”

அந்தச் சொல்லை அவன் வாய் அதற்கு முன் சொன்னதே இல்லை.

ஆதன் பாய்ந்தான். சற்று நேரத்தில் பள்ளத்தில் கொம்பு முழங்கியது. மக்கள் மேட்டில் ஏறி நின்ற பிறகு கரை உடைந்தது. பானைகள் போயின, சூளைகள் போயின, குடிசைகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை.

கொற்றன் நொண்டிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தபோது, எல்லோரும் ஆதனைச் சூழ்ந்து நின்றார்கள். அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது, பொய் சொல்வானேன்! ஆனால் ஈரத் தலையோடு நின்ற குழந்தைகளைப் பார்த்ததும் தன் பிழை உறைத்தது. இருவரும் கோட்டைக்குத் திரும்பியதும், அரசன் முன்னால் போய்த் தான் செய்ததை எல்லாம் சொன்னான். ஆதனை ஓடுகிறவர்களுக்குத் தலைவனாக்கும்படி அவனே கேட்டான்.

ஆதன் அவன் பக்கம் திரும்பினான். “விருந்து போட்டது இதற்கா அண்ணா?” என்றான். பிறகு, “இறைச்சி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது” என்றான். கொற்றன் அழுதுகொண்டே சிரித்தான்.

அதன்பின் கொற்றன் தன் பசிக்குச் சாப்பிட்டான், தன் கால் தாங்குமளவு நடந்தான், தூக்கம் வந்தபோது தூங்கினான். முழங்கால் ஆற வெகுகாலம் ஆயிற்று. ஆறிய பிறகு மெல்ல ஓடத் தொடங்கினான். பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனாலும் அரசனின் செய்தி அவன் கையில் ஒருநாளும் தாமதமாகவில்லை.

பிறர்மேல் கொண்ட பொறாமையால் உண்பதும் உழைப்பதும் உடலைக் கெடுக்கும். தன் பசியையும் தன் வலிமையையும் அறிந்து வாழ்பவனுக்கே உடல் துணை நிற்கும்.