தர்மகர்த்தாவுக்குக் கிடைத்த பொங்கல்

தர்மகர்த்தா பராங்குசம் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. அது அவர் நாக்குக்கு மட்டும் தெரியாது. வைத்தியர் இனிப்பைத் தடுத்ததும் பிள்ளை கோயில் சமையற்காரர் வெங்குவைக் கூப்பிட்டார்.

"ஓய், நாளை முதல் பெருமாளுக்குத் தினமும் ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வையும். பிரசாதத்தை மறுப்பது பாவம், சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் என் உடம்பில் சர்க்கரை ஏறினால் உம் வேலை போச்சு!"

"உத்தரவு" என்றார் வெங்கு.

ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகே தர்மகர்த்தா வாங்கவேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். வழக்கமாக நாலு பேர்கூட வருவதில்லை. மறுநாள் நைவேத்தியம் முடிந்ததும் வெங்கு கோயில் மணியை ஊர் அதிர அடித்தார். ஊரே திரண்டது, பானை காலியானது.

"எனக்கு எங்கேய்யா?" என்று அலறினார் பிள்ளை.

வெங்கு கரண்டியை நீட்டினார். "இதில் ஒட்டியிருப்பது உங்களுக்கு. பிரசாதத்தை மறுத்த பாவமும் இல்லை, சர்க்கரையும் ஏறாது. என் வேலை?"

பிள்ளை கரண்டியை நக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கிறது. நாளைக்கு அந்த மணியை மட்டும் கொஞ்சம் மெதுவாய் அடியும்!"