வடக்குப் பார்த்த ஜன்னல்

"என் பையன் மஞ்சளாயிட்டான் டீச்சர்."

சொன்னவர் சவரிமுத்து. ஆயுசில் பாதியை வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கழித்தவர். கேட்டுக்கொண்டிருந்தவர் ஆபிதா. அவரைவிட இருபது வயது சின்னவர். திண்டுக்கல்லில் ஒரு டீக்கடைக்கு மேலே மாடியில், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆயில் பெயின்டிங் சொல்லிக்கொடுக்கிறவர். சொல்லிக்கொடுக்கிறவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். வாயைத் திறப்பதில் அவ்வளவு கஞ்சத்தனம்.

சவரிமுத்து கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். பட்டுச்சேலைக்குள் ஒரு கேன்வாஸ். அதில் ஒரு இளைஞனின் முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம்.

வரைந்த கை பழகாத கை. ஆனால் சிரிப்பு பிடிபட்டிருந்தது. அந்தச் சிரிப்பு முழுக்க மஞ்சள். சட்டை, பல், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"பிரிட்டோ. ஒரே பையன். போன வருஷம் போயிட்டான்."

"என்ன ஆச்சு?"

"மஞ்சக்காமாலை."

ஆபிதா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில மொதல்ல கண்ணுதான் மஞ்சளாச்சு. அந்த மூஞ்சி என் கண்ணை விட்டுப் போகணும்னுதான் இதை வரைஞ்சேன். போன்ல பெயின்டிங் சொல்லித்தர்ற வீடியோ பாத்துப் பாத்து வரைஞ்சது. முடிச்சப்ப வெள்ளை வெள்ளையாத்தான் இருந்துச்சு. சத்தியமா."

"முடிச்சுட்டு எங்க வெச்சீங்க?"

"பீரோவுல."

"பூட்டியா?"

"பூட்டித்தான். சேலையில சுத்தி, அடித்தட்டுல. செலினுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி. அவன் பேரைச் சொன்னாலே அவளுக்குத் தாங்காது. வருஷப் பூசை அன்னிக்குக் கையில குடுக்கலாம்னு இருந்தேன். அடுத்த மாசம் பூசை. நேத்து எடுத்துப் பாத்தா..."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுவதற்காக மாடி ஏறி வந்தவர் இல்லை அவர்.

"இதை நான் அவகிட்டக் குடுக்க மாட்டேன். ஒரு தடவை அவனை அப்படிப் பாத்தது போதும் அவளுக்கு. புதுசா வரையணும். இந்தத் தடவை மஞ்சளாகக் கூடாது. அதுக்கு என்ன கத்துக்கணுமோ கத்துக்குடுங்க. வயசாயிருச்சு, வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஆபிதா எழுந்தார். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் போனார். அங்கே ஆணியில் தொங்கிய பூந்தொட்டியை எடுத்துக் கீழே வைத்தார். அந்த இடத்தில் படத்தை மாட்டினார். முகம் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தது.

"டீச்சர், ரோட்டைப் பாத்து இருக்கு."

"ஆமா."

"எதிர்ல பஸ் ஸ்டாப்பு. ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"திருப்பி மாட்டிட்டா என்ன?" சவரிமுத்து எழுந்து படத்துக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே. தொடணும்னா எடுத்துட்டுப் போயிருங்க."

சவரிமுத்து ஆணியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கற்றுக்கொள்ளாமல் போவதில்லை என்றுதான் வந்திருந்தார். உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு வர்றப்ப உப்புத்தாள் வாங்கிட்டு வாங்க" என்றார் ஆபிதா.

*

படம் வரைய எதற்கு உப்புத்தாள் என்று வழியெல்லாம் யோசித்தார். மறுநாள் தெரிந்தது.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெறும் துணி. அதன்மேல் வெள்ளைப் பூச்சு. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்ததும் மறுபடி பூச்சு.

"எப்ப டீச்சர் மூஞ்சி போடுறது?"

"இன்னொரு பூச்சு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"துணி எண்ணெயைக் குடிக்கக் கூடாது. கையை வெச்சுப் பாருங்க, சொரசொரன்னுதான் இருக்கு."

வைத்துப் பார்த்தார். சொரசொரவென்றுதான் இருந்தது. தேய்த்தார்.

வகுப்புக்கு வரும்போது அவர் தலையைத் தூக்கவே மாட்டார். சந்து வழியாக வந்து, பின்பக்கப் படியில் ஏறிவிடுவார். ரோட்டிலிருந்து அந்த மஞ்சள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தூரிகை பிடிக்க முடியாது என்று பயந்தார். உள்ளே உட்கார்ந்தால் படத்தின் முதுகுதான் தெரியும். பழுப்புத் துணி, மரச்சட்டம், அவரே பேனாவால் எழுதிய பெயர்.

அடுத்து முட்டை. வெள்ளைத் துணியின் மேல் ஒரு வெள்ளை முட்டையை வைத்தார் ஆபிதா.

"இதை வரைங்க."

"என் பையன் முட்டை மாதிரியா இருக்கான்?"

"அவன் பல்லு இருக்கே, கண்ணு இருக்கே."

சவரிமுத்து வாயை மூடிக்கொண்டு வரைந்தார். சாயத்தில் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் குழைத்தார். அப்போதுதானே பளபளக்கும். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆபிதா வந்து பார்த்தார்.

"நான் அவிச்ச முட்டைதான் கேட்டேன். நீங்க வறுத்தே குடுத்துட்டீங்க."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். பிரிட்டோ போனபிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை. அடுத்த நிமிஷமே தன்மேல் கோபமாக வந்தது. கத்தியை எடுத்து முட்டையைச் சுரண்டினார். சாயம் கரைக்கிற டர்பன்டைனைக் கந்தலில் தொட்டுத் துணியைத் துடைத்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"மொதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். தண்ணி மாதிரி இருக்கணும்" என்றார் ஆபிதா. "எண்ணெய் அப்புறம். மேல போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா."

"மொதல்லயே எண்ணெய் விட்டா என்ன?"

"அடியில இருக்கிறது சீக்கிரம் காயாது. மேல இருக்கிறது காஞ்சுரும். அப்ப வெடிக்கும்."

வரைந்தார், சுரண்டினார், மறுபடி வரைந்தார். கையில் டர்பன்டைன் நாற்றம் வீட்டுக்கும் கூடவே போனது. என்ன நாற்றம் என்று செலின் கேட்டால் சொல்வதற்கு, இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒரு நண்பரைக் கற்பனையில் தயாராக வைத்திருந்தார். செலின் கேட்கவே இல்லை.

*

கீழே டீக்கடை வைத்திருக்கும் சுருளி ஒருநாள் டீ கொண்டுவந்தான். கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அண்ணே, ஜன்னல்ல தொங்குறது நம்ம பிரிட்டோதானே. இஞ்சி டீ பிரிட்டோ."

"என் பையன் டீ குடிக்க மாட்டான்."

"யாருண்ணே சொன்னது? காலேஜு விட்டு வந்தா நேரா நம்ம கடைதான். இஞ்சி தூக்கலாப் போடணும். இல்லேன்னா டம்ளரைத் திருப்பிக் குடுத்துருவான்."

சவரிமுத்து எழுந்தார். நேராக ஜன்னலுக்குப் போனார். சட்டத்தில் கையை வைத்தார். யார் யாரோ தன் பையனைப் பற்றித் தனக்கே சொல்ல வந்துவிட்டார்கள் என்று கொதித்தது. இந்தப் படம் ரோட்டைப் பார்க்கப் போய்த்தானே இவ்வளவும்.

ஆபிதா தட்டில் சாயம் பிதுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

கை சட்டத்தின்மேலேயே இருந்தது. இருபத்தோரு வருஷம் கூட வைத்திருந்தும் பிள்ளை டீ குடிப்பான் என்று தெரியாது. இதைத் திருப்பி மாட்டினால் இனியும் தெரியாது.

கையை எடுத்தார். வந்து உட்கார்ந்தார்.

"சுருளி."

"சொல்லுங்கண்ணே."

"இதைக் கொண்டு போ. இஞ்சி தூக்கலாப் போட்டுக் கொண்டா."

அதற்குப் பிறகு சுருளி தினமும் வந்தான். வந்தால் பிரிட்டோவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போவான். சவரிமுத்து வரைந்துகொண்டே கேட்டார். ஒரு நாள் அவன் வேறு ஒன்று சொன்னான்.

"அண்ணே, ஸ்டாப்புல ஒரு அம்மா தினமும் வந்து நிக்குது. பஸ்ஸு வருது, போகுது. ஏற மாட்டேங்குது. இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்குது."

சவரிமுத்துவுக்குள் இருந்த கண்டக்டர் முழித்துக்கொண்டார்.

"ஏற மாட்டாங்க. வண்டி காலியாப் போகும், இவங்க நின்னு வேடிக்கை பாப்பாங்க. அப்புறம் பஸ்ஸே விடலைன்னு கலெக்டருக்கு மனு குடுப்பாங்க. யாரு அது?"

"தெரியலண்ணே. புதுசா இருக்கு. குடை வெச்சிருக்கு."

"குடை வேற."

ஆபிதா முட்டையின் நிழலை விரலால் காட்டினார். "இங்க இன்னும் கொஞ்சம் நீலம்."

*

பூசைக்கு ஒரு வாரம் இருந்தது.

அன்றைக்கு வரைந்த முட்டை வெள்ளையாக இருந்தது. துணியும் வெள்ளை, முட்டையும் வெள்ளை, ஆனால் துணி வேறு முட்டை வேறாகத் தெரிந்தது. ஆபிதா வெகுநேரம் பார்த்தார்.

"சரி" என்றார்.

சவரிமுத்துவுக்கு அது மெடல் குத்தின மாதிரி இருந்தது. தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்த புதுக் கேன்வாஸை எடுத்துச் சாய்த்து நிறுத்தினார்.

"இப்ப மூஞ்சி போடலாமா டீச்சர்?"

"இப்ப ஆரம்பிச்சா பூசைக்குள்ள காயாது."

"ஈரத்தோடயே கொண்டு போறேன். பாத்து வரையறதுக்கு அந்தப் பழைய படம் வேணும். எறக்கிக் குடுங்க."

"நீங்களே எறக்குங்க."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனார். ஆணியிலிருந்து கழற்றினார். கண்ணை மூடியபடியே கொண்டுவந்து, புதுக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

சட்டை வெள்ளையாக இருந்தது.

பல் வெள்ளையாக இருந்தது. கண்ணின் வெள்ளை, ஆஸ்பத்திரிக்கு முந்தின வெள்ளையாக இருந்தது. பிரிட்டோ நன்றாக இருந்தான்.

சவரிமுத்து இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன போட்டீங்க டீச்சர்?"

"ஒன்னும் போடல."

"பின்ன?"

"எண்ணெய் இருட்டுல கெடந்தா மஞ்சளாகும். வெளிச்சம் பட்டாத் தெளியும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எங்க வெச்சிருப்பீங்க?"

சவரிமுத்து யோசித்தார். மொட்டைமாடி அறை. லைட்டைப் போட்டு வைத்திருப்பார். கதவை வெளியே தாழ் போட்டிருப்பார்.

பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ ரெண்டு ரெண்டு படியாக ஏறி வந்தார்கள். கதவு திறந்தது. குடையை மடக்கக்கூட மறந்து, மூச்சு வாங்க ஒரு பெண் நின்றார்.

"என் பிள்ளை எங்க? ஜன்னல்ல இருந்தானே. யாரு எடுத்தது?"

செலின்தான்.

அப்போதுதான் ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார். சட்டையெல்லாம் சாயமாக இருக்கிற தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"நீ எப்படி இங்க?" என்றார் சவரிமுத்து.

"மார்க்கெட்டுக்குப் போறப்ப பஸ்ஸுல இருந்து பாத்தேன். எறங்கிட்டேன். அதுல இருந்து தினமும் வர்றேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க சொன்னீங்களா?"

சவரிமுத்துவுக்கு ஏதோ நினைவு வந்தது.

"பஸ்ஸே வரல, பஸ்ஸே வரலன்னு தினமும் லேட்டா வந்தியே."

"வந்துச்சு."

"நான் டெப்போவுக்குப் போன் போட்டு டைம் கீப்பரை அந்தத் திட்டு திட்டினேனே."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாவமாத்தான் இருந்துச்சு."

ஆபிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

செலின் படத்துக்குக் கிட்டே போனார். இத்தனை நாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தவர்.

"தொடலாமா?"

"நல்லாக் காஞ்சிருச்சு. தொடுங்க" என்றார் ஆபிதா.

கன்னத்தைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார். இடது புருவத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்க ஒரு தழும்பு இருக்கும். அதைக் காணோம்."

"தழும்பா? அவனுக்கு ஏது தழும்பு?"

"பன்னெண்டாவது படிக்கிறப்ப உங்க பைக்கை எடுத்துட்டுப் போய் விழுந்தான். அப்பாகிட்டச் சொல்லாதம்மான்னான். நானும் சொல்லல. முடியை இழுத்து மேல விட்டுக்குவான்."

சவரிமுத்து பையனின் புருவத்தையே பார்த்தார். பக்கத்தில் புதுக் கேன்வாஸ் வெள்ளை வெளேரென்று நின்றது. அதை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தார். பழுப்பில் துளி வெள்ளை சேர்த்தார்.

"டீச்சர், காஞ்சதுக்கு மேல போடலாமா?"

"போடலாம். மேல் பூச்சுதானே. எண்ணெய் கொஞ்சம் சேத்துக்கங்க."

சொல்லிவிட்டு ஆபிதா இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

செலின் உட்கார்ந்தார். சவரிமுத்து தூரிகையைப் புருவத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

செலின் சுண்டுவிரல் நகத்தைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார்.