நாச்சிமுத்து சொன்ன ரப்பர் மேட்

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறி இறங்கி ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். அதன் பின்தொட்டியில் தூக்கி வைக்கிற மாதிரி தகரத்தில் ஒரு சின்ன ரூம் செய்தேன். உள்ளே ரெண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். நானும் என் மனைவி ரஞ்சிதமும் ஊர் ஊராகச் சுற்றுவதாகத் திட்டம்; முதலில் வால்பாறை.

வெள்ளோட்டத்தில், பல்லடம் தாண்டி ஒரு பிரேக் போட்டேன். சங்கிலி போட்டுக் கட்டியிருந்தும் ரூம் வழுக்கிக்கொண்டு வந்து முன்னால் இடித்தது. உள்ளே இருந்த ரஞ்சிதத்தின் மேல் இட்லி மாவுக் குண்டான் கவிழ்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கியவள், "இது நகராம நிக்கிற வரைக்கும் நான் ஏற மாட்டேன். நீங்க மட்டும் போயி போட்டோ அனுப்புங்க" என்றாள்.

ரூமுக்கு அடியில் ஏதாவது விரித்தால் வழுக்காது என்றார்கள். அதனால்தான் வியாழக்கிழமை காலை உடுமலையில் ஜமால் ராவுத்தரின் விரிப்புக் கடைக்குப் போனோம். மாட்டுக்கொட்டகையில் விரிக்கும் ரப்பர் மேட் முதல் வாசல் மிதியடி வரைக்கும் சுருட்டிச் சுருட்டி நிறுத்தியிருந்தார். எதை எடுப்பது என்று தெரியாமல் நான் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடை ஸ்டூலில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோழித் தீவன ஏஜென்ட், பெயர் நாச்சிமுத்து என்று பின்னால் தெரிந்தது.

"பிக்கப் தொட்டிக்குங்களா? மேல ரூம் வைக்கிறதுக்கா?" என்றார், நான் ராவுத்தரிடம் கேட்டது காதில் விழுந்து. "அப்ப எங்கிட்டக் கேளுங்க. நான் படாத பாடு இல்லீங்க."

ராவுத்தர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மொதல்ல நானு கல்யாண மண்டபத்துச் செவப்பு விரிப்பைப் போட்டனுங்க. பாக்க அழகா இருந்துச்சு. மடத்துக்குளத்துகிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சுன்னு பிரேக்கை மிதிச்சேன். வண்டி நின்னுது. ரூம் நிக்கல. என் தலைக்கு மேல தாவி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயிருச்சு. உடனே கேட்டை மூடிப்போட்டாங்க. நான் இந்தப் பக்கம், ரூமுக்குள்ள இருந்த ஊட்டுக்காரி அந்தப் பக்கம். ரயில் போறதுக்குள்ள அவ சோறு வடிச்சு, குழம்பு வெச்சு, ஒரு தூக்கமும் போட்டு எந்திரிச்சிட்டா."

"உள்ள இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றாள் ரஞ்சிதம்.

"குழம்புல உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலுங்க, அம்மிணி."

ரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த மேட்டைப் பார்த்தேன்.

"அதனால துணி விரிப்பு ஆகாதுங்க. அடுத்தது தேங்காய் நார் மேட்டு. அது நல்லாப் புடிச்சு நின்னுது, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஐப்பசி மழையில ரெண்டு நாள் நின்னுச்சு பாருங்க, பேஞ்ச தண்ணியையெல்லாம் அதுவே குடிச்சுப் போடுச்சு. தொட்டி துருப்புடிக்க ஆரம்பிச்சுது. சரி, பிழிஞ்சு போடலாம்னு திருமூர்த்தி டேமுக்குக் கொண்டுபோயி பத்துப் பேரு முறுக்குனோம். அந்த வருசம் கடைமடைக்கும் தண்ணி வந்துச்சு."

"அந்த வருசம் கடைமடையில நான் நிலம் வெச்சிருந்தேன்" என்றார் ராவுத்தர். "ஒரு சொட்டு வரல."

"நீங்க எட்டு மணிக்கு மேல எந்திரிச்சுப் போனா எப்படிங்க இருக்கும்? வந்துட்டுப் போயிருச்சு."

ராவுத்தர் மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். நாச்சிமுத்து ஸ்டூலை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"அப்பறம் ஒருத்தன் சொன்னான்னு நாலு இஞ்சு ஸ்பாஞ்சு போட்டனுங்க. மெத்துன்னு இருக்கும்னு ஆசை. ரூம் உசந்து போயிருச்சு. உசந்தா ஆடுமில்லீங்களா, தென்னை மரமாட்டம் ஆடுச்சு. பழனி ரோட்டுல ஒரு பாலத்துக்கிட்ட நிக்கிறோம், பாலத்து மேல போற லாரிக்காரன் எங்க ஜன்னலைத் தட்டி மணி கேக்குறான்."

"என்ன மணின்னு சொன்னீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். ரஞ்சிதம் என் முழங்கையில் இடித்தாள்.

"மத்தியானம் ஒண்ணரைங்க" என்றார் அவர் யோசிக்காமல். "கடைசியாத்தான் புத்தி வந்துச்சு. அதா, அந்த மூலையில நிக்குது பாருங்க. அரை இஞ்சு கெட்டி ரப்பரு. அடியில வரி வரியா இருக்கு. அந்த வரியைக் கீழ போட்டு விரிக்கோணும். தண்ணி வரியோட ஓடி வெளிய போயிரும், ரூமும் நகராது. எவ்வளவு நகராதுங்கறீங்க? போன ஆடியில கேத்தனூர்கிட்டப் போறேன். காத்து. கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் சுத்த முடியாம நின்னு வேடிக்கை பாக்குது. ஒரு அம்மிக்கல்லு எங்களைத் தாண்டிப் பறந்து போச்சு."

"அம்மி பறக்கும்கறது பழமொழிங்க" என்றாள் ரஞ்சிதம்.

"யாரோ ஒருத்தன் பாத்துத்தானுங்களே சொல்லியிருப்பான். நான் வண்டியை ஓரங்கட்டிட்டேன். காத்து ரூமைத் தள்ளுது. ரூமை மேட்டு விடல. மேட்டைத் தொட்டி விடல. டயரை ரோடு விடல. அரை மணி நேரம் தள்ளுச்சு. கடைசியில ரோடுதான் நகந்துச்சு. அந்த ரோடு அதுவரைக்கும் நூல் புடிச்சாப்பல நேரா இருந்ததுங்க. இப்ப ஒரு வளைவு இருக்குதில்ல? அது நாங்க நின்ன எடம்."

ரஞ்சிதம் வாசல் பக்கம் திரும்பினாள்.

"உங்க வண்டி வெளியதானே நிக்குது? மேட்டை எப்படி விரிச்சிருக்கீங்கன்னு ஒருதரம் பாத்துக்கறோம்."

நாச்சிமுத்து முதல் தடவையாகத் தயங்கினார். துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டி இனிமேத்தானுங்க வாங்கோணும்."

"நாலு வருசமா மேட்டு மட்டும் பாத்துக்கிட்டிருக்காரு" என்றார் ராவுத்தர்.

போச்சு, இனி வால்பாறைக்குத் தனியாகத்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ரஞ்சிதம் மூலைக்குப் போய் அந்த ரப்பர் மேட்டின் ஓரத்தைப் புரட்டி வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பாய், இதுல எட்டடி வெட்டுங்க."

"அம்மா, அவரு சொன்னது பூராப் புளுகும்மா."

"இருக்கட்டும் பாய். வண்டி இல்லாதவரு இவ்வளவு யோசிச்சிருக்காரு. வண்டி வெச்சிருக்கவரு ஒண்ணும் யோசிக்கல."