நாற்பது அட்டைகள்

அன்று அறையில் நான்கு பேர். கட்டிலில் ஓவியன் நவமணி. பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய் ஐந்து மாதம். அவன் மனைவி ரூத். அவனிடம் படித்த இளவழகன். வயது நாற்பத்தாறு, பெயர் பெற்றவர். சன்னலோரம் நான், நவமணியின் அண்ணன்.

இளவழகன் குறையோடு வந்திருந்தார்.

"நாவல் அட்டைக்கு வரைஞ்சேன், நகைக்கடை காலண்டருக்கு வரைஞ்சேன், ரயில் நிலையச் சுவருக்கு வரைஞ்சேன். எங்க பார்த்தாலும் இது இளவழகன் கோடுன்னு சொல்றாங்க. இந்த ஆஸ்பத்திரிக்காரங்க மட்டும் அது வேண்டாம்ங்கிறாங்க, சார். என் கோடு இல்லாம நான் எதுக்கு?"

வேலை இதுதான்: பேச்சு இழந்த நோயாளிகள் தொட்டுக் காட்டிக் கேட்க நாற்பது பட அட்டைகள். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

போர்வைமேல் பரப்பினார். அழகாகத்தான் இருந்தன.

ரூத் ஒன்றை எடுத்தாள். "இது என்ன தம்பி, காக்காக் கூடா?"

"பசி, அக்கா. காலிக் கூடு."

"அப்ப இந்தப் பட்ட மரம்?"

"வலி."

"எனக்கு வலின்னா நான் மரத்தையா தேடிக்கிட்டு இருப்பேன்?"

நவமணி சிரித்தான். பாதி வாயால்.

சற்று நேரத்தில் அவன் இடது கை கட்டிலைத் தட்டியது. ஏதோ வேண்டும் என்று பொருள். ரூத் ஒவ்வொன்றாகக் கேட்பாள். சரியானதற்கு அவன் தலையாட்டுவான். ஐந்து மாதமாக அப்படித்தான்.

ரூத் எழுந்தாள். இளவழகன் தடுத்தார்.

"நீங்க கேக்காதீங்க அக்கா. சார் அட்டையிலயே சொல்லட்டும்."

நவமணி தேடினான். ஓர் அட்டையை எடுத்தான். நிலவொளியில் பாதி திறந்த கதவு. வைத்தான். வேறு பார்த்தான். மறுபடி கதவை எடுத்தான். வைத்தான்.

"அவசரமில்ல சார். பொறுமையாப் பாருங்க."

மூன்றாம் முறையும் கதவைத்தான் எடுத்தான். எண்ணிக்கொண்டிருந்த நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அட்டை நழுவியது. போர்வையில் ஈரம் பரவியது.

ரூத் குனிந்து கட்டிலடியிலிருந்து மூத்திரப் புட்டியை எடுத்தாள். இனி எடுத்து என்ன.

நவமணி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தக் கதவு என்ன தம்பி?" ரூத் நிமிராமல் கேட்டாள்.

"பாத்ரூம், அக்கா."

விரிப்பை மாற்றினோம். இளவழகன்தான் அவனைத் துடைத்துவிட்டார். பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"எதை வச்சுக்கட்டும், சார்?"

நவமணி வெகுநேரம் திரும்பவில்லை. திரும்பியபோது இடது கையை நீட்டினான். இளவழகன் அட்டைகளை ஈரம் துடைத்து, அடுக்கிக் கொடுத்தார்.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.

கவிழ்ந்தவை முப்பத்தொன்பது. ஒன்றை மட்டும் படம் தெரிய நெஞ்சின்மேல் வைத்தான். மின்விசிறி.

"அது கடைசி நேரத்துல அவசரமா கிறுக்கினது, சார். அதுல என் கையெழுத்துகூட இல்ல."

சொல்லிவிட்டு இளவழகன் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாற்பதில் மீதம் ஒன்று.